நாற்பது வயதுக் காதும் மூன்று மாதக் கையும்

(வயது வந்தபின் கிட்டார் கற்போரின் சலிப்பும் எதிர்பார்ப்பும் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கிட்டார் உலகில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2015-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஆண்டி மூனி, புதிதாகக் கிட்டார் கற்கத் தொடங்குகிறவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் முதல் ஆண்டுக்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். இது ஒரு வணிக நிறுவனத்தின் மதிப்பீடு; ஆய்விதழில் வந்த கணக்கல்ல. எனவே அதைப் பாதியாகக் குறைத்தே எடுத்துக்கொள்வோம். அப்போதும் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் ஓராண்டைத் தாண்டுவதில்லை என்றாகிறது. விட்டவர்களைக் கேட்டால் மூன்றில் ஒரு காரணம் சொல்வார்கள்: நேரமில்லை, வயதாகிவிட்டது, எனக்கு இது வராது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னாலேயே ஒன்று நடந்துவிடுகிறது. கற்பவர் தம்மை அளந்து பார்க்கத் தவறான அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கிறார். அதை மாற்றாமல் ‘பொறுமையாக இருங்கள்’ என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை என்பதே இன்று நான் வைக்கப்போகும் வாதம்.

எட்டு வயதுச் சிறுமியும் நாற்பது வயதுக்காரர் ஒருவரும் ஒரே நாளில் வகுப்பில் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரைப் பொறுத்தவரை இருவர் கையும் புதிது. காது அப்படியல்ல. நாற்பது வயதுக்காரர் முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பாட்டுக் கேட்டவர். 1982-இல் வந்த ‘இளைய நிலா’ பாட்டின் கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் சுருதி விலகுகிறது, எந்த அடி தாளத்துக்குப் பிந்துகிறது என்பதை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிடுவார். சிறுமி ஒரு கார்டைப் பிடித்து மீட்டுகிறாள்; ஆறு கம்பியில் நான்கு ஒலித்தாலே அவளுக்கு மகிழ்ச்சி. அவர் அதே கார்டை அதே அளவு தப்பும் தவறுமாக மீட்டுகிறார். ஒலிக்காத இரண்டு கம்பிகள் மட்டும்தான் அவர் காதில் விழுகின்றன. குழந்தையைவிட மோசமாக வாசிப்பதால் அவர் சலிப்படையவில்லை. குழந்தையைவிட நன்றாகக் கேட்பதால் சலிப்படைகிறார். இதோடு இன்னொன்றும் சேருகிறது. தம் தொழிலில் அவர் தேர்ந்தவர், நான்கு பேர் வந்து யோசனை கேட்கும் நிலையில் இருப்பவர். திணறுகிறவராகத் தம்மைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருக்கும். முதிர்ந்த காது, பிறந்த குழந்தையின் கை, திறமைசாலி என்று பழகிப்போன மனம் ஆகிய மூன்றும் ஒரே ஆளுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் நடுவயது மாணவரின் நிலைமை.

கை ஏன் இவ்வளவு பின்தங்குகிறது என்பதற்குக் கருவியின் அமைப்பே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுருதி சுத்தமாக வந்துவிடும். கிட்டாரில் பெரும்பாலும் ஒரு ஸ்வரத்துக்கே இரண்டு கை வேண்டும்: இடக்கை விரல் ஃப்ரெட்டை ஒட்டி அழுத்த வேண்டும், அதே கணத்தில் வலக்கை மீட்ட வேண்டும். பியானோவில் ஒரு ஸ்வரம் ஒரே இடத்தில்தான் இருக்கும். கிட்டாரின் முதல் கம்பியை விரல் வைத்து அழுத்தாமல் மீட்டினால் வரும் ஈ ஸ்வரமோ, இரண்டாம் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9-இலும், நான்காம் கம்பியின் 14-இலும், ஐந்தாம் கம்பியின் 19-இலும் கிடைக்கும். எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு ஈடான விசையில் இழுபட்டு நிற்கின்றன. அவற்றை அழுத்தும் விரல்நுனித் தோல் தடித்துப் பழக வாரங்கள் ஆகும். பலர் நின்றுபோகும் இடம் எஃப் கார்ட். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டும். நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டைக்கு) அருகில் கம்பி விறைப்பாக இருப்பதால் அங்கே வலிமை கூடுதலாக வேண்டும். நட்டின் வெட்டு ஆழமில்லாமல் கம்பி உயர்ந்து நின்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். அதே கைவடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ கார்ட் எளிதாக வந்துவிடுவதைப் பலரும் காணலாம். அங்கே ஒலிப்பது இங்கே ஒலிக்கவில்லை என்றால் குறை விரலில் மட்டும் இல்லை. நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ‘செட்டப்’ செய்துகொண்டால் தீரக்கூடிய சிக்கலைத் தம் வயதின் மீது ஏற்றிச் சொல்கிறவர்கள் உண்டு.

அடுத்து நேரக் கணக்கைப் பார்ப்போம். பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. 18 வயதுக்குள் தனியே பயிற்சி செய்த நேரம், மிகச் சிறந்த மாணவர்களுக்குச் சராசரியாக 7,400 மணியாகவும், இசை ஆசிரியராகப் பயின்றவர்களுக்கு 3,400 மணியாகவும் இருந்தது. வேலைக்குப் போகிறவர் தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் வாசித்தால் ஆண்டுக்கு 130 மணி ஆகும். இந்த வேகத்தில் 3,400-ஐத் தொட 26 ஆண்டு, 7,400-ஐத் தொட 57 ஆண்டு. நாற்பதில் தொடங்கியவர் 97 வயதில் அங்கே போய்ச் சேருவார்! வீட்டில் பாட்டோடு சேர்ந்து வாசிக்க யாருக்கும் 7,400 மணி தேவையில்லைதான். ஆனால் காது இலக்காக வைத்திருக்கும் ஒலிப்பதிவு, ஆயிரக்கணக்கான மணி பழகிய தொழில்முறைக் கலைஞரின் கையிலிருந்து வந்தது. இக்கணக்கின்படி மூன்று மாதத்தில் சேருவது சுமார் 32 மணி நேரம். ‘மூன்று மாதமாகக் கற்கிறேன், ஒன்றும் வரவில்லை’ என்று சொல்லும்போது அது நீண்ட காலமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை பார்க்கும் நேரத்தைவிடக் குறைவு. திங்களன்று வேலைக்குச் சேர்ந்த புதியவரை வெள்ளிக்கிழமை மாலையே கூப்பிட்டு ‘உனக்கு இந்தத் தொழில் வராது’ என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த நியாயத்தைத் தமக்குத் தாமே மறுத்துக்கொள்கிறார் நடுவயது மாணவர்.

மணிக்கணக்கு சரியாகத் தெரிந்திருந்தாலும் முன்னேற்றம் சீரான வேகத்தில் வரும் என்ற எண்ணம் அவரை ஏமாற்றிவிடும். முதல் ஆறு வாரத்தில் ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து நான்கு கார்டும் ஒரு ஸ்ட்ரம்மிங்கும் வந்துவிடுகின்றன. அதே வேகத்தை மனம் முன்னே நீட்டிப் பார்த்து, ஆண்டு முடிவில் எங்கே இருப்போம் என்று ஒரு கணக்குப் போட்டு வைக்கிறது. கைத்திறன் வளரும் விதம் வேறு. 1959-இல் கிராஸ்மன் என்ற ஆய்வாளர் சுருட்டுச் செய்யும் தொழிலாளர்களின் வேகத்தைப் பற்றி எழுதினார். ஆண்டுக்கணக்கில் அவர்கள் வேகம் கூடிக்கொண்டேதான் போனது. ஆனால் கூடும் அளவு வரவரச் சிறுத்தது. தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி தந்த பலனைப் பிற்பாடு பெறப் பல மணி நேரம் தேவைப்படுகிறது. இதற்கு முன்பே, 1890-களின் இறுதியில், பிரையனும் ஹார்ட்டரும் தந்திச் செய்தி வாங்கப் பழகியவர்களிடம் வாரக்கணக்கில் முன்னேற்றம் தெரியாமல் நிற்கும் கட்டங்களைக் கண்டு எழுதினார்கள். அப்படிப்பட்ட தேக்கம் எல்லாருக்கும் கட்டாயம் வருவதில்லை என்று 1958-இல் கெல்லர் மறுத்தார். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், வேகம் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆக, எதிர்பார்ப்பு மிக உயரமாக இருக்கும் மூன்றாம், நான்காம் மாதத்தில்தான் முன்னேற்றம் மெதுவாகிறது. பலர் விலகுவதும் அப்போதுதான் என்றால் அதில் வியப்பில்லை.

‘அன்றன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியுமே, அதை வைத்து அளந்துகொள்ளக் கூடாதா’ என்று கேட்கலாம். கூடாது என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். 1978-இல் பேடலியும் லாங்மனும் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை கற்பித்த முறைகளை ஒப்பிட்டார்கள். தினம் ஒரே ஒரு மணி நேரம் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் பலகையைக் கற்றார்கள். ஆனால் தம் பயிற்சி முறை பற்றி மிகக் குறைவாகத் திருப்திப்பட்டவர்களும் அந்த ஒரு மணி நேரக்காரர்களே. நாள்கணக்கில் மற்றவர்களைவிடப் பின்தங்குவதுபோல அவர்களுக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு ஷே, மார்கன் ஆகிய இருவரும் நடத்திய சோதனையில், ஒவ்வொரு கையசைவாகத் திரும்பத் திரும்பச் செய்து முடித்தவர்கள் பயிற்சியின்போது விரைவாக முன்னேறினார்கள்; மூன்று அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பயிற்சியின்போது திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது திணறியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நன்றாகக் கற்கும் நாள் மோசமான நாளாகத் தோன்றலாம். ஒரே கார்டை அரை மணி நேரம் பிடித்து, ‘வந்துவிட்டது’ என்று மகிழ்ந்து எழும் நாள் மறுவாரம் ஒன்றும் மிஞ்சாத நாளாக இருக்கலாம். பயிற்சியின் நடுவே எழும் எரிச்சலை வைத்து, கற்றல் நடக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது.

காதின் அளவுகோலும் வேண்டாம், அன்றைய மனநிலையும் வேண்டாம் என்றால் எதை வைத்து அளப்பது? கையின் அளவுக்கு ஏற்ற சிறிய, எண்ணக்கூடிய வேலைகளை வைத்து அளக்க வேண்டும். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். மெட்ரோனோமை எந்த வேகத்தில் வைத்தால் தாளம் கலையாமல் நான்கு ஆவர்த்தம் வாசிக்க முடிகிறது என்று பார்க்கலாம். மாதம் ஒருமுறை அதே பயிற்சியைக் கைபேசியில் பதிந்து, நேற்றைய வாசிப்போடு ஒப்பிடாமல் மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவோடு ஒப்பிடலாம். கேட்கும் கேள்வியும் மாறும். ‘எனக்கு ஏன் வரவில்லை’ என்பதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ‘ஜி-யிலிருந்து சி-க்கு மாறும்போது எந்த விரல் கடைசியாகப் போய்ச் சேருகிறது’ என்பதற்கு விடை உண்டு. அந்த விரலை முதலில் நகர்த்திப் பழகினால் இரண்டு வாரத்தில் வித்தியாசமும் தெரியும். காதுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். சுருதி சேர்ப்பதிலும், எந்தக் கம்பி மங்கி ஒலிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதிலும் அந்த முதிர்ந்த காதைவிடச் சிறந்த உதவியாளர் இல்லை. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியிலிருந்து அதை இறக்கிவிட்டால் போதும்.

இது நம் மண்ணுக்குப் புதிய செய்தியும் அல்ல. கர்நாடக இசையில் சேரும் மாணவருக்கு முதல் நாளே ஏணி தெரிந்துவிடுகிறது: சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், அதன்பின் கீர்த்தனை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் தொடக்க வரிசைகள் ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் (வேகத்தில்) பாட வேண்டும். சரளியில் இருப்பவர், தமக்கு ஏன் இன்னும் கீர்த்தனை வரவில்லை என்று துயரப்படுவதில்லை. அது இன்னும் தொலைவில் இருக்கிறது என்று அவருக்கும் வீட்டாருக்கும் தெரியும். கிட்டார் வகுப்பிலோ பெரும்பாலும் முதல் மாதமே ‘எந்தப் பாட்டு வாசிக்க ஆசை’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஏணி இல்லாத இடத்தில் மாணவர் கூரையைப் பார்த்தே தம் உயரத்தை அளக்கிறார். இதற்காகக் கர்நாடக முறையை அப்படியே எடுத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வரிசை பாடும் பொறுமை பிள்ளைகளுக்கு வீட்டாரின் கண்டிப்பில் வரும். தாமாக விரும்பி வந்த நடுவயதுக்காரருக்குப் பாட்டுத்தான் தூண்டுகோல். இரண்டு கார்டில் முடியும் எளிய பாட்டை முதல் மாதத்திலும், தனித்தனிக் கம்பியைக் கிள்ளி வாசிக்கும் பாட்டை வெகு தூரத்திலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே படிகளைக் காட்டுவதே ஆசிரியரின் வேலை. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வுகள் சிலருக்கு அப்படிப்பட்ட படிகளாக உதவுகின்றன. தேர்வு வேண்டாதவருக்கு வேறு படிகள் வேண்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது. இதில் உண்மை இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். கேட்ட மாத்திரத்தில் ஸ்வரத்தைப் பெயர் சொல்லும் ஆற்றல், சிறு வயதில் பயின்றவர்களிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. 1995-இல் எல்பர்ட்டும் சகாக்களும் தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையை ஆராய்ந்து, இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிட விரிந்திருப்பதையும், இளமையில் தொடங்கியவர்களிடம் அது கூடுதலாக இருப்பதையும் காட்டினார்கள். அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை. 2004-இல் டிராகன்ஸ்கி குழுவினர், பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகிய பெரியவர்களின் மூளையில் அமைப்பு மாற்றத்தைக் கண்டார்கள். 2008-இல் 60 வயதை ஒட்டியவர்களிடமும் அது காணப்பட்டது. முதியவர்கள் இளைஞர்கள் அளவுக்கு வித்தையில் தேறவில்லை, ஆனால் கற்றார்கள். பொழுதுபோக்காக வாசிப்பவருக்கு ஸ்வரத்தைப் பெயர் சொல்லும் ஆற்றல் தேவையுமில்லை. சுருதி சேர்க்கக் கைபேசியே போதும். இங்கே ஆறுதல் கதைகளையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இளையராஜா 20 வயதைத் தாண்டிய பிறகே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார் என்பார்கள். அவர் அதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆண்டுக்கணக்கில் வாசித்தவர். ஜாஸ் மேதை வெஸ் மாண்ட்கோமரி 20 வயதை ஒட்டித்தான் கிட்டாரை முனைந்து கற்றார் என்பதும் உண்மை. அரிதான மேதைகளைக் காட்டி ஊக்கம் ஊட்டினால், மேலே சொன்ன தவறான அளவுகோலைத்தான் இன்னும் நீளமாக்கித் தருகிறோம்.

இரண்டாவது எதிர்வாதம், எல்லாம் பிறவித் திறமை என்பது. 2014-இல் மெக்னமாராவும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசையில் ஒருவருக்கொருவர் காணும் திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது சுமார் 21 விழுக்காடுதான். எனவே பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் மேதையாகலாம் என்பது மிகை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1996-இல் ஸ்லோபோடா குழுவினர் இசை பயிலும் 257 இளையோரை ஆராய்ந்தபோது, ஒரு கிரேடை எட்டத் திறமைசாலிகள் மற்றவர்களைவிடக் குறைந்த பயிற்சியில் தேறியதாகச் சான்று கிடைக்கவில்லை. அந்த நிலைகளுக்கு வேண்டிய மணிகளை எல்லாரும் செலவிட்டே ஆக வேண்டியிருந்தது. இரண்டும் முரணாகத் தோன்றினாலும் அப்படியல்ல. உச்சியில் யார் நிற்பார் என்பதில் இயல்பான வேறுபாடுகளுக்குப் பெரிய பங்கு இருக்கலாம். அடிவாரத்திலிருந்து நடுமலை வரை ஏறப் பெரும்பாலோருக்கு நேரமும் முறையும் போதும். முதல் 32 மணி நேரத்தில் தமக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டுகிறவர், அந்தக் கேள்வி எழும் உயரத்துக்கே இன்னும் போகவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் மிக வலுவானது. இப்படி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டே போனால் கலை என்னவாகும், அதிருப்திதானே ஒருவரை மேலே தள்ளுகிறது என்று கேட்பார்கள். அதிருப்தியில் இரண்டு வகை உண்டு. மூன்றாம் கம்பி மங்குகிறது, தாளம் ஓடுகிறது என்று தவறைச் சுட்டும் அதிருப்தி பயிற்சிக்கு எரிபொருள். அதைக் குறைக்கச் சொல்லவில்லை, கூர்மையாக்கச் சொல்கிறேன். ஆளையே எடைபோட்டு ‘நீ இதற்கு ஆகாதவன்’ என்று சொல்லும் அதிருப்தியில் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. அதிலிருந்து தப்ப ஒரே வழி கருவியைப் பெட்டிக்குள் வைப்பது. இலக்கு எவ்வளவு உயரத்திலும் இருக்கட்டும். நாளை செய்யவேண்டிய வேலை மட்டும் நாளைக்குள் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். சரளியை மூன்று காலத்திலும் பாடச் சொன்ன ஆசிரியரை, கலையின் தரத்தைத் தாழ்த்தினார் என்று யாரும் குற்றம் சாட்டியதில்லை.

அப்படியானால் எதற்குக் கற்க வேண்டும், மேடை ஏறாத கிட்டாருக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சமைப்பவரெல்லாம் உணவகம் திறப்பதில்லை. ஒரு பாட்டின் உள்ளே புகுந்து, எந்த இடத்தில் கார்ட் மாறுவதால் மனம் இளகுகிறது என்று விரலாலேயே அறிவது, கேட்பவராக மட்டும் இருந்தவருக்குக் கிடைக்காத அனுபவம். அது நூறு மணி நேரத்துக்குள்ளேயே கிடைக்கத் தொடங்கும். ஆயிரம் மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை முதல் நாளிலேயே சொல்லும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. ‘ஒரே மாதத்தில் கிட்டார்’ என்று பலகை எழுதி வைத்துவிட்டு, நான்காம் மாதம் மாணவர் வரவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை. வாரத்துக்கு எத்தனை மணி ஒதுக்க முடியும் என்று மாணவரிடம் கேளுங்கள். அந்த மணிகளுக்கு ஆறு மாதத்தில் எது வரும், எது வராது என்று எழுதிக் கொடுங்கள். கருவியின் ஆக்‌ஷனைப் (கம்பி எழும்பி நிற்கும் உயரத்தைப்) பார்த்துவிட்டு எஃப் கார்டைத் தொடுங்கள். மாணவர்களே, உங்கள் ஆசிரியர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். நான்காம் மாதம் சலிப்பு வரும். அதன் காரணம் தெரிந்தவர் அந்த மாதத்தைக் கடந்து ஐந்தாம் மாத வகுப்புக்கு வருவார்.